பதின்மூன்று பொருள்களின் விலை: எல்லைக் கிராமங்களில் மாவேலி ஸ்டோர்களின் எழுச்சியும் தளர்வும்

கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலையிலும், நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பிற எல்லைக் கிராமங்களிலும், சந்தை விலைக்குக் குறைத்து விற்கும் தொடர்கடை என்றவுடன் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நினைவுக்கு வருவது மாவேலி ஸ்டோர்தான். கேரள மாநில உணவுப் பொருள் வழங்கல் கழகம் என்ற அரசு நிறுவனம், மக்கள் பேச்சில் சப்ளைகோ, 1974 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்டது. அதன் சில்லறைக் கடைகள் 1980இல் மாவேலி என்ற பெயரைப் பெற்றன. பின்னர் சூப்பர் மார்க்கெட், மக்கள் பஜார், ஹைப்பர் மார்க்கெட் எனப் பல வடிவங்களில் கிளைத்து, மாநிலம் முழுவதும் 1,600க்கும் மேற்பட்ட விற்பனையகங்களைக் கொண்டதாக அது வளர்ந்தது. இவ்வளவு பெரிய தொடர்கடை, 2023இன் பிற்பகுதியிலும் 2024இன் தொடக்கத்திலும், எந்தப் பொருள்களுக்காக மக்கள் அதைத் தேடி வந்தார்களோ அந்தப் பொருள்களே இல்லாமல் நின்றது. அந்தத் தளர்வின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு கடை தரும் தள்ளுபடியின் அளவைவிட, அந்தத் தள்ளுபடியை யார் தாங்குகிறார்கள், எத்தனை நாள் தாங்குகிறார்கள் என்பதே அக்கடையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இந்தக் கடைகளின் தேவையைப் புரிந்துகொள்ள அரிசியிலிருந்து தொடங்க வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதியை வெளியிலிருந்தே, குறிப்பாகப் பர்மாவிலிருந்து, பெற்றுவந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டு, மரச்சீனிக் கிழங்கே பலருக்கு உணவானது. சமஸ்தானத்துக்குள்ளேயே இருந்த நெற்களஞ்சியங்களுள் முக்கியமானது நாஞ்சில் நாடு, அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பில் இவ்விரண்டோடு கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டிருந்தது. ஆனால் அத்தாலுகா, தமிழ் பேசும் கிராமங்களோடு, கேரளத்திலேயே நின்றது. நெல் விளையும் நிலம் ஒரு மாநிலத்துக்கும் அதை உண்பவர்கள் மற்றொரு மாநிலத்துக்கும் போனதுதான் பாறசாலைப் பகுதியின் பொருளாதார வரலாற்றில் 1956இன் பொருள். அரசியல் வரலாறுகள் இந்த எல்லைக்கோட்டை மொழியின் கணக்காக மட்டுமே எழுதுவதால் அரிசியின் கணக்கு அவற்றில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் ஆகிய நான்கும் ஒரே தென் அரிசி மண்டலமாக்கப்பட்டன. மண்டலம் என்பது தானியம் தடையின்றி நடமாடக்கூடிய பரப்பு. 1964இல் அம்மண்டலம் கலைக்கப்பட்டு மாநில எல்லையே தானியத்தின் எல்லையுமானபோது, தமிழகப் பக்கத்துக் களியக்காவிளைக்கும் கேரளப் பக்கத்து இஞ்சிவிளைக்கும் இடையே நடந்து கடக்கக்கூடிய தூரத்தில் அரிசிக்கு இரண்டு விலைகள் உண்டாயின. தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் அரிசி கடத்துவது அக்காலத்தில் எல்லையோர ஏழைகளின் பிழைப்புகளுள் ஒன்றானது. அந்தக் கடத்தல் வேறு வடிவத்தில் இன்றும் தொடர்கிறது: தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அட்டைதாரர்களுக்கு விலையின்றி வழங்கப்படும் ரேஷன் அரிசி, மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்குப் போவதும், குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை அதை மறித்துப் பிடிப்பதும் குமரி மாவட்டச் செய்திகளில் வாடிக்கையாகிவிட்டன.

பற்றாக்குறையின் விளைவாகக் கேரளம் 1960களின் நடுவில் இந்தியாவிலேயே விரிவான ரேஷன் அமைப்பை உருவாக்கிக்கொண்டது. 1966இன் கேரள ரேஷன் ஆணை அதற்குச் சட்ட வடிவம் தந்தது. ஆனால் ரேஷன் கடை தந்தது பெரும்பாலும் அரிசி, கோதுமை, சர்க்கரை, மண்ணெண்ணெய். பயறும் பருப்பும் மிளகாயும் மல்லியும் தேங்காய் எண்ணெயும் பலசரக்குக் கடைக்காரர் சொன்ன விலைக்கே கிடைத்தன. ஓணம் நெருங்கும்போது அந்த விலை ஏறுவது விதிபோல நடந்தது. இந்த இடைவெளியை நிரப்பவே மாவேலி ஸ்டோர் வந்தது. 1980இல் ஈ. கே. நாயனாரின் அமைச்சரவையில் உணவுத் துறையைக் கவனித்த ஈ. சந்திரசேகரன் நாயரின் பெயரோடு இக்கடைகள் இன்றும் சேர்த்துப் பேசப்படுகின்றன. மாவேலி என்பது மகாபலியின் மலையாள வழக்கு. அவர் ஆண்ட காலத்தில் கள்ள அளவையும் ஏமாற்றும் இல்லை என்பது கேரள நாட்டார் நினைவு. விலை குறைந்த கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த விளம்பர நிறுவனமும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இக்கடைகளின் வேலைமுறை எளிமையானது. சப்ளைகோவின் தலைமை அலுவலகமான கொச்சி மாவேலி பவனிலிருந்து ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். மொத்த வியாபாரிகள் விலை குறிப்பிடுவார்கள். சரக்கு டிப்போக்களுக்கு வந்து, அங்கிருந்து கடைகளுக்குப் போகும். பருப்பும் பயறும் மிளகாயும் பெரும்பாலும் வெளிமாநிலங்களிலிருந்தும், ஜெயா அரிசி ஆந்திரத்திலிருந்தும் வரும். தென்னிந்தியாவில் பருப்புக்கும் மிளகாய்க்கும் விலை சொல்லும் சந்தைகளுள் ஒன்றான விருதுநகர், பாறசாலையிலிருந்து லாரியில் ஒரு பகல் பயணம்தான். ஆயினும் விருதுநகர் விலை பாறசாலைக்காரருக்குச் சென்று சேரும் முன் பல கைகள் மாறும். அந்தக் கைகளைக் குறைப்பதே மாவேலியின் முதல் பயன். சிறுபயறு, உளுந்து, கடலை, வன்பயறு, துவரம்பருப்பு, வற்றல் மிளகாய், மல்லி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய், ஜெயா அரிசி, குறுவை அரிசி, மட்டை அரிசி, பச்சரிசி ஆகிய பதின்மூன்றும் மானியப் பொருள்கள். ரேஷன் அட்டையைக் காட்டினால் மாதத்துக்கு இவ்வளவு என்ற வரம்புக்குள் கிடைக்கும். சோப்பு, தேயிலை, மசாலாப் பொடி போன்றவை மானியமின்றி, ஆனாலும் அச்சிட்ட விலைக்குச் சற்றுக் குறைவாக விற்கப்படும். சப்ளைகோவின் சொந்த வணிகப் பெயரான சபரியில் தேயிலையும் தேங்காய் எண்ணெயும் வந்தன. மானியப் பருப்புக்காக வந்தவர் கையோடு சபரித் தேயிலையும் வாங்கிப் போவார்; மானியத்தில் போகும் பணத்தில் ஒரு சிறு பகுதி இந்த மற்ற விற்பனையில் திரும்பும். கடையின் உயிர் இந்த இரண்டாவது கூடையில்தான் இருந்தது என்பது பின்னால் தெரியவந்தது.

மாவேலியின் மிகச் சிறந்த காலம் ரேஷனின் மோசமான காலத்தோடு ஒத்துப்போனது தற்செயலன்று. 1997 ஜூனில் மத்திய அரசு இலக்கு நோக்கிய பொது வழங்கல் முறையைக் கொண்டுவந்து, மக்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. மேலே உள்ளவர்களுக்கு ரேஷன் அரிசியின் விலை உயர்ந்தது. அதுவரை அநேகமாக எல்லாக் குடும்பங்களையும் தழுவியிருந்த கேரள ரேஷன் முறையில் அரிசி வாங்குவோர் வெகுவாகக் குறைந்தனர். அரசுக் கடையின் பழக்கம் இருந்தும் அரசு அரிசி கட்டுப்படியாகாத நடுத்தரக் குடும்பங்கள், ஆசிரியர், தையற்காரர், வளைகுடாவில் வேலைபார்ப்பவரின் பெற்றோர் போன்றோர், மாவேலியின் வரிசையில் சேர்ந்தனர். ஏழைகளுக்கு மட்டுமான கடை என்ற முத்திரை மாவேலிக்கு ஒருபோதும் விழாததற்கு இதுவே காரணம்.

அதே 1990களில் திருவனந்தபுரத்தில் தள்ளுபடிக்கு வேறொரு வழியும் தோன்றியது. நுகர்வோர் சங்கம் ஒன்றின் முயற்சியாகத் தொடங்கிய மார்ஜின் ஃப்ரீ கடைகள், உரிமைக்கடை முறையில் கேரளமெங்கும் பரவின. உரிமைக்கடை என்றால் பெயரும் கொள்முதல் ஒழுங்கும் தலைமை அமைப்பினுடையவை, முதலும் கடையும் உள்ளூர்க்காரருடையவை. இங்கு மானியம் இல்லை. வியாபாரி தன் இலாபத்தில் விட்டுக்கொடுக்கும் பங்கே தள்ளுபடி. இதைச் சாத்தியமாக்கியது ஒரு சட்டம். பொட்டலப் பொருள்களின் மீது எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பொட்டலத்தில் ஒரு விலையும், அதற்கு மேல் உள்ளூர் வரியும் இருந்ததால் எந்தக் கடை மலிவு என்று வாங்குபவர் எளிதில் சொல்ல இயலாது. அச்சிட்ட விலை உச்சவரம்பாக நின்ற பிறகு, அதற்குக் கீழே எவ்வளவு என்பதைப் பள்ளிச் சிறுவனும் கணக்கிடலாம். கடைக்காரரைக் கட்டுப்படுத்த வந்த விதி, தள்ளுபடிக் கடைக்கு விளம்பரப் பலகையாகிவிட்டது. மார்ஜின் ஃப்ரீ என்ற சொல்லோ, காலப்போக்கில் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுச்சொல்லாகித் தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகைகளில் ஏறியது. ஒரு பெயர் பொதுவாகிவிட்டால் அதன் நம்பகமும் பொதுவில் கரைந்துபோகும்.

மூன்றாவது வழியைத் தமிழகம் கண்டது. 1997இல் சென்னை திருவான்மியூரில் ஆர். சுப்பிரமணியன் தொடங்கிய சுபிக்ஷா, குளிரூட்டம் இல்லாத சிறு கடை, பிரதான சாலைக்குப் பதில் வாடகை குறைந்த உள்தெரு, உற்பத்தியாளருக்குக் கைக்காசு கொடுத்துக் கழிவு பெறுதல் ஆகிய மூன்றின் மீது நின்றது. மளிகையோடு மருந்தையும் அச்சிட்ட விலைக்குக் குறைத்து விற்றது அக்காலத்தில் பெரும் புதுமை. தமிழகத்துக்குள் நிதானமாக வளர்ந்தவரை இக்கணக்கு சரியாகவே இருந்தது. 2006க்குப் பின் நாடு முழுவதும் பரவும் வேட்கையில், இரண்டே ஆண்டுகளில் கடைகளின் எண்ணிக்கை பத்து மடங்கு அளவுக்குப் பெருகி 2008இல் 1,600ஐ எட்டியது. பங்கு முதல் சிறிதாகவே இருக்க, 13 வங்கிகளிடமிருந்து வாங்கிய ஏறக்குறைய 750 கோடி ரூபாய்க் கடனே வளர்ச்சியின் எரிபொருள். 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்து உலகெங்கும் கடன் வறண்டபோது, புதுக் கடன் வருவது நின்றது. கைக்காசு கொடுக்க இயலாததால் கழிவும் போயிற்று, சரக்கும் வரவில்லை. 2009 தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. ஊழியர்களுக்கும் காவலாளிகளுக்கும் சம்பளம் நின்றதால் காவலற்றுப்போன சில கடைகள் சூறையாடப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது டி-மார்ட். 2002இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த அந்நிறுவனம், பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் இயங்குவதையும் சரக்குத் தருவோருக்கு விரைவில் பணம் தருவதையும் கொள்கையாகக் கொண்டு மெதுவாகவே வளர்ந்தது; மலிவு விற்பனையில் சுபிக்ஷாவுக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

சுபிக்ஷாவின் முடிவில் கவனிக்க வேண்டியது நிகழ்வுகளின் வரிசை: முதலில் சரக்குக்காரருக்குப் பணம் தாமதம், அடுத்து அலமாரி காலி, அதற்கடுத்து வாடிக்கையாளர் விலகல், இறுதியில் ரொக்கம் முற்றிலும் வற்றுதல். அமெரிக்காவில் 1962இல் மிச்சிகன் மாநிலத்து கார்டன் சிட்டியில் முதல் கடையைத் திறந்து, ஒரு காலத்தில் வால்மார்ட்டையும் மிஞ்சி நின்ற கேமார்ட்டுக்கும் இதுவே நேர்ந்தது. 2002 ஜனவரியில் அக்கடைகளுக்கு உணவுப் பொருள் வழங்கிவந்த ஃபிளெமிங் நிறுவனம், வர வேண்டிய வாரத் தொகையான 7.8 கோடி டாலர் வராததால் சரக்கை நிறுத்தியது. மறுநாளே கேமார்ட் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஏறக்குறைய 2,100 கடைகள் கொண்ட நிறுவனத்தின் நோயை ஆண்டறிக்கைகள் பல பக்கங்களில் மறைத்துவைத்திருந்தாலும் அலமாரி ஒரே நாளில் காட்டிக்கொடுத்தது.

அரசே நடத்தும் கடைக்கு இந்த விதி பொருந்தாது என்று எண்ணுவது இயல்பு. திவாலாகாத உரிமையாளர் அதற்குப் பின்னால் நிற்கிறார் அல்லவா. மாவேலியின் அனுபவம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. 2016 சட்டமன்றத் தேர்தலில் இடது ஜனநாயக முன்னணி, மாவேலியின் மானியப் பொருள்களின் விலையை ஐந்தாண்டு உயர்த்துவதில்லை என்று வாக்களித்து ஆட்சிக்கு வந்தது. அவ்வாக்கு ஐந்தாண்டு கடந்தும், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், 2024 பிப்ரவரி வரை காக்கப்பட்டது. தேர்தல் வாக்குறுதிகளின் வரலாற்றில் இது அரிதான நேர்மைதான். ஆயினும் அந்த நேர்மைக்குள்ளேயே சிக்கலும் இருந்தது. விலையை நிலைநிறுத்துவதும் தள்ளுபடியை நிலைநிறுத்துவதும் ஒன்றல்ல. துவரம்பருப்பு கிலோ 65 ரூபாய் என்று நிறுத்தினால், சந்தையில் 100 ரூபாயாக இருக்கும்போது அரசு தாங்க வேண்டியது 35. சந்தை 170ஐத் தொட்டால் 105. விற்பனையாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் இழப்பு மும்மடங்காகும் அதே வேளையில், வெளியில் விலை ஏறியிருப்பதாலேயே வாங்க வருவோரின் வரிசையும் நீளும். வரவுசெலவுத் திட்டத்தில் சந்தைத் தலையீடு என்ற தலைப்பில் ஒதுக்கப்படும் தொகையோ ஆண்டுக்கு ஒரு முறை எழுதப்படும் எண். சந்தைத் தலையீடு என்பது, அரசு தானே பொருளை வாங்கிக் குறைத்து விற்று, பிற கடைகளின் விலையையும் கட்டுக்குள் வைக்க முயல்வதைக் குறிக்கும் அலுவலகச் சொல். ஒதுக்கீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் இடையிலான வித்தியாசத்தை யாரேனும் தாங்கியாக வேண்டும். தாங்கியவர்கள் சரக்கு வழங்கிய வியாபாரிகள்.

சப்ளைகோவின் தோளில் வேறு சுமைகளும் ஏற்றப்பட்டிருந்தன. 2005 முதல் கேரள விவசாயிகளின் நெல்லைக் கொள்முதல் செய்வதும் அதன் பணியாயிற்று. விவசாயிக்குத் தரப்படும் நெல் பெறுகைச் சீட்டை ஈடாகக் கொண்டு வங்கி கடன் தரும், அக்கடனைச் சப்ளைகோ பிறகு அடைக்கும் என்ற ஏற்பாடு, நிறுவனத்தின் கணக்கில் நிரந்தரக் கடன் ஒன்றை உருவாக்கியது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைதாரர்களுக்கு விலையில்லா உணவுப் பை கட்டித் தரும் வேலையும் இதே நிறுவனத்திடம் வந்தது. பள்ளி மூடி, வேலை நின்றிருந்த மாதங்களில் அந்தப் பைகள் எல்லைக் கிராமங்களின் அடுப்பை எரியவைத்தன என்பதில் ஐயமில்லை. அவற்றுக்கான செலவு சப்ளைகோவுக்குத் திரும்பி வருவதுதான் தாமதமானது. அரசின் பாராட்டும் அரசின் பாக்கியும் ஒருசேர வளர்ந்த காலம் அது.

பாக்கி நூற்றுக்கணக்கான கோடிகளாகச் சேர்ந்தபின் ஒப்பந்தப்புள்ளி கோரினாலும் விலை குறிப்பிட வியாபாரிகள் தயங்கினர்; குறிப்பிட்டவர்களும், பணம் எப்போது வரும் என்று தெரியாத அபாயத்தையும் விலையோடு சேர்த்தே கேட்பது வியாபார இயல்பு. இப்படித் தாமதமாகப் பணம் தரும் நிறுவனம், சந்தையில் பெரிய கொள்முதல்காரராக இருந்தும், சிறிய மொத்த வியாபாரியைவிட அதிக விலைக்கு வாங்க நேர்கிறது. தள்ளுபடிக்கு ஆதாரமான கொள்முதல் வலிமையே தலைகீழாகிவிடுகிறது. 2023 இறுதியில் மாநிலமெங்கும் மாவேலி ஸ்டோர்களில் பதின்மூன்றில் பெரும்பாலான பொருள்கள் இல்லை. விலைப்பட்டியல் பலகையில் துவரம்பருப்பு 65 ரூபாய் என்றே இருந்தது. அந்த விலைக்குக் கொடுக்கத்தான் பருப்பு இல்லை. பருப்பு இல்லாத கடைக்குத் தேயிலைக்காக யாரும் பஸ் ஏறி வருவதில்லை. இரண்டாவது கூடையும் அதோடு போயிற்று. மூட்டையில் வரும் சரக்கைக் கடையிலேயே எடைபோட்டுப் பொட்டலமாக்கும் தற்காலிகத் தொழிலாளர்களுக்கு, மூட்டை வராத நாளில் வேலையும் இல்லை. 2024 பிப்ரவரியில், கடைகளுக்குள் ஊடகத்தினர் படம் எடுப்பதைத் தடுக்கும் சுற்றறிக்கை ஒன்றை நிர்வாகம் வெளியிட்டது. காலி அலமாரியின் படங்களைவிட அந்தச் சுற்றறிக்கையே நிலைமையை மக்களுக்கு நன்றாக விளக்கிவிட்டது.

இந்தத் தளர்வு எல்லைக் கிராமங்களில் உணரப்பட்ட விதம் கேரளத்தின் பிற பகுதிகளிலிருந்து வேறுபட்டது. ஏனெனில் பாறசாலையிலும் செங்கலிலும் காரக்கோணத்திலும் வெள்ளறடையிலும் வாழ்பவர் எதையும் ஒரே விலையில் பார்ப்பதில்லை. அக்காளோ மாமாவோ மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ இருப்பார். அவர்கள் வீட்டு ரேஷன் அட்டைக்குத் தமிழக அரசின் சிறப்புப் பொது வழங்கல் திட்டத்தில், 2007 முதல் நடந்துவரும் அத்திட்டத்தில், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும். ஒரே நாளில் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள், நாலைந்து மைல் இடைவெளியில், ஒரே பருப்பை ஒன்று 30க்கும் மற்றொன்று 65க்கும், இல்லாதபோது தனியார் கடையில் 170க்கும் வாங்கியிருக்க முடியும். ஆகவே இங்கு எல்லை என்பது சந்தையின் எல்லையன்று, அட்டையின் எல்லை. களியக்காவிளைச் சந்தையில் மீனும் காய்கறியும் வாங்க யாரும் எந்த அட்டையும் காட்ட வேண்டியதில்லை, பெட்ரோலுக்கும் அப்படியே. 2021 ஆகஸ்டில் தமிழகம் பெட்ரோல் வரியை மூன்று ரூபாய் குறைத்தபின்னும், 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு மேல்வரி விதித்தபின்னும், எல்லையோர வண்டிகள் நிரப்பிக்கொள்ளத் தெற்கே திரும்புவது பழக்கமாகிவிட்டது. மானியப் பருப்பு மட்டுமே அட்டையோடு கட்டப்பட்டது. அதனால் மாவேலியில் இருப்பு இல்லாதபோது நெய்யாற்றின்கரைக்காரருக்கு இருந்த வழி இரண்டு: உள்ளூர்க் கடையில் முழு விலை, அல்லது களியக்காவிளை மொத்தக் கடையில் சற்றே குறைந்த முழு விலை.

எல்லையின் வணிக மதில் அதற்குள் தகர்ந்திருந்ததும் இங்கே பொருத்தமானது. மதிப்புக் கூட்டு வரியைக் கேரளம் 2005 ஏப்ரல் 1 அன்றும் தமிழகம் 2007 ஜனவரி 1 அன்றும் ஏற்றதால், இடைப்பட்ட இருபத்தொரு மாதங்கள் எல்லையின் இரு புறமும் இருவேறு வரி முறைகள் நிலவின. கேரளப் பக்கத்து அமரவிளைச் சோதனைச்சாவடியில் லாரிகளின் வரிசை அந்த வட்டாரத்தின் நிரந்தரக் காட்சியாக இருந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைக்கான காரணமே நீங்கியது. தனியார் மொத்த வியாபாரிக்கு எல்லை இல்லாமல் போனபோது, அரசுக் கடை மட்டும் தன் மாநிலத்து வரவுசெலவுத் திட்டத்துக்குள் அடைபட்டு நின்றது. விருதுநகர்ப் பருப்பு இப்போது பாறசாலைத் தனியார் கடைக்குத் தங்குதடையின்றி வருகிறது. மாவேலிக்கு வர அது கொச்சியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

தமிழக முறை இதைவிட உறுதியானது என்று முடிவுகட்டிவிடவும் இயலாது. 2024 மே மாதத்தில் ஒப்பந்தப்புள்ளித் தாமதத்தால் தமிழக ரேஷன் கடைகளிலும் துவரம்பருப்புக்கும் பாமாயிலுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 30 ரூபாய் என்ற விலை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நிற்பது, 65 என்ற மாவேலி விலையின் அதே இலக்கணத்தைச் சேர்ந்தது. வேறுபாடு, அங்கு பருப்பு ரேஷன் கடையில் அரிசியோடு சேர்த்து விற்கப்படுகிறது என்பதே. அது வராத மாதத்திலும் அரிசி வாங்க மக்கள் வந்துதான் ஆக வேண்டும், கடை வெறிச்சோடாது. பிற பொருள்களையும் விற்றுத் தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டிய மாவேலிக்கு அந்தக் காப்பு இல்லை.

2024 பிப்ரவரியில் கேரள அமைச்சரவை எட்டாண்டு உறுதியைக் கைவிட்டது. புதிய விதி, பொருளின் சந்தை விலையில் 35 விழுக்காடு குறைத்து விற்பது. சந்தை மாறும்போது மாவேலி விலையும் மாறும். துவரம்பருப்பு 65இலிருந்து 111 ரூபாய்க்கும், அரைக்கிலோ வற்றல் மிளகாய் 37 ரூபாய் 50 காசிலிருந்து 82க்கும், சர்க்கரை 22இலிருந்து 27க்கும், ஜெயா அரிசி 25இலிருந்து 29க்கும் உயர்ந்தன. எதிர்க்கட்சிகள் இதை வாக்குறுதி மீறலாகக் கண்டித்தன, அது உண்மையும்தான். கணக்காளரின் பார்வையில் பார்த்தால், அந்த மீறல்தான் கடையைக் காப்பாற்றக்கூடிய ஒரே முடிவாக இருந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேரச் சொல்லும் துணிவு எந்தத் தரப்பிலும் காணப்படவில்லை. நிலையான விலையில் விலையேற்றத்தின் அபாயம் முழுவதும் அரசிடம் இருந்தது. நிலையான விழுக்காட்டில் அதில் பெரும்பங்கு வாங்குபவரிடம் வந்துவிட்டது. துவரம்பருப்பு சந்தையில் பத்து ரூபாய் ஏறினால் ஆறரை ரூபாயை இனி பாறசாலைக் குடும்பம் தாங்கும், மூன்றரையை அரசு தாங்கும். அதற்கு ஈடாக, அரசு தன் செலவை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம், வியாபாரிக்குப் பணம் போகலாம், அலமாரியில் பருப்பு இருக்கலாம். இந்த மூன்று ‘லாம்’களும் நிறைவேறுமா என்பது பாக்கி அடைபடும் வேகத்தைப் பொறுத்தது, அந்தப் பாக்கி ஒரே தவணையில் தீர்ந்துவிடவில்லை.

2024 செப்டம்பரில், ஓணத்தை ஒட்டி, சர்க்கரை 27இலிருந்து 33ஆகவும் துவரம்பருப்பு 111இலிருந்து 115ஆகவும் மீண்டும் உயர்ந்தன. 2025இல் தேங்காய் எண்ணெய் வெளிச்சந்தையில் லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டி, தென்னை மரம் நிற்காத வீடே இல்லாத இக்கிராமங்களில்கூட எண்ணெய்க்காக மாவேலிக்கு வரிசை கட்டும் நிலை வந்தது. எல்லா எண்களும் ஏறவே செய்தன என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஏப்ரலில் துவரம்பருப்பு 115இலிருந்து 105க்கும், உளுந்து 95இலிருந்து 90க்கும் இறங்கின. 2024 பிப்ரவரியில் 82 ரூபாயாக இருந்த அரைக்கிலோ மிளகாய் 57 ரூபாய் 75 காசுக்கு வந்திருந்தது. எட்டு ஆண்டுகள் ஒரே எண்ணைத் தாங்கி நின்ற விலைப்பலகை இப்போது இருபுறமும் அசைகிறது. பழைய விலையை மறக்காத எல்லைக் கிராமத்தார், அதைப் படித்துவிட்டு, பருப்பு வந்திருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் பையை விரிக்கிறார்கள்.